நாத்தனார் பார்த்த வெறும் கட்டங்கள்

போன வாரம் நாம் அந்த வீட்டைவிட்டு வந்தபோது கூடத்தில் மருமகள், வாசலில் நாத்தனார், இருவருக்கும் நடுவில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மாமியார் என்று மூன்று பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். அந்தச் சண்டையைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இதழை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவித்தவர்களுக்காக மட்டும் இரண்டு வார்த்தை.

மருமகள் பல வருஷம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். படம் எடுப்பாள், திருத்துவாள், அச்சுப் போட்டு உறையில் வைத்துக் கொடுப்பாள். முதலாளி கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். இவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. வெப்சைட் செய்யக் கற்றுத் தரும் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்த பிள்ளைகளுக்கு அவளை அக்கா என்பதா ஆன்ட்டி என்பதா என்று கடைசிவரை குழப்பம். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. வேலை கேட்டு எழுதிய இடங்களில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் "அனுபவம் உண்டா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். போன வாரம் பிறந்த வீட்டுக்கு வந்த நாத்தனார், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, "அண்ணி ஒரு வருஷமா அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழறாங்க. என்னத்தக் கண்டாங்கன்னுதான் தெரியல" என்று சிரித்து வைத்தாள்.

மருமகளும் லேசுப்பட்டவள் இல்லையே. "நான் முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்காது. எல்லாம் வயித்தெரிச்சல்!" என்றாள், அதே நாலு பேர் முன்னால். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, தகவல் நிற்கவில்லை. மாமியார் ரிட்டயர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவர். பெற்ற பெண்ணுக்கும் வந்த மருமகளுக்கும் லைன் போடுவதா அவருக்குக் கஷ்டம்? இவள் சொன்னதை அவளுக்கும், அவள் சொன்னதை இவளுக்கும், கொஞ்சம் காரத்தைக் குறைத்துக் கொடுத்து வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் நேற்றுச் சாயந்திரம் ஒரு போன் வந்தது.

சின்னக் கம்பெனிதான். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறவர்கள். அதை நடத்துகிற பெண்மணியே பேசினார். "அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, பரவாயில்ல. நீங்க செஞ்சதையெல்லாம் காட்டற மாதிரி உங்களுக்குன்னு ஒரு வெப்சைட் வெச்சிருக்கீங்களா? இருந்தா லிங்க்கை அனுப்புங்க. நாளைக்கு மூணு மணிக்குப் பேசலாம்."

வெச்சிருக்கீங்களா என்றா கேட்டார்? ராப்பகலாக அவள் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்! மேலே வணக்கம் என்று ஒரு வரி, கீழே தன் பெயர், அதற்குக் கீழே தன் முகம், அப்புறம் தான் செய்து பழகிய கற்பனைக் கடைகளின் பக்கங்கள். ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை, ஒரு பாட்டு வகுப்பு, நாய் பூனைகளுக்கு ஒரு மருத்துவமனை. படமெல்லாம் அவளே எடுத்தது. அவளுக்கு எழுத்தைவிடப் படத்தில்தான் நம்பிக்கை. தன் பெயரைக்கூட அழகான எழுத்தில் வரைந்து, அதையும் படமாக்கித்தான் போட்டிருந்தாள்.

போனை வைத்த கையோடு வெப்சைட்டை இணையத்தில் ஏற்றினாள். பக்கங்கள் ஏறிவிட்டன என்று திரையில் பச்சை எழுத்தில் வந்ததும் அந்தப் பெண்மணிக்கு லிங்க்கை அனுப்பினாள். அப்புறம் கம்ப்யூட்டரில் தன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டாரைக் கூப்பிட்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் வந்து நின்று பார்த்தார். "மேடம், இது நீங்கதானா? இல்ல, வேற யாராவது அழகான பொம்பளை போட்டோவைப் போட்டுட்டீங்களா?" என்றார். மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்தப் பூனை நம்ம மாடிப்படிப் பூனைதானே? அடேங்கப்பா, அதுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மருமகள் புருஷனிடம் மெதுவாக, "இதுவும் இல்லைன்னா நான் மூட்டை கட்டி வெச்சுடறேங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு "இல்லை"யையும் முழுங்கி முழுங்கி, இன்னொன்றை முழுங்க அவளிடம் தெம்பு மிச்சமில்லை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சமாதானம் என்று எதையும் சொல்லாமல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கிட்டா சிக்னல் இருக்காது. நல்ல சேதியை மெசேஜ்ல போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல சேதிதான் என்று அவரே முடிவு கட்டிவிட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

மாமியாரால் சும்மா இருக்க முடியுமா? மருமகள் குளிக்கப் போன நேரத்தில் அந்த லிங்க்கைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். முதலில் மகளுக்கு. மகள் கொஞ்ச தூரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டாள்.

மாமியாருக்கு போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் போய் ரொம்ப நாளாகிறது. ஸ்பீக்கரில் போட்டு, நெஞ்சுக்கு நேராகத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"அம்மா, நீ அனுப்பினதைத் திறந்தேன். ஒண்ணுமே இல்லையேம்மா. வெறும் கட்டம் கட்டமா இருக்கு."

"என்னடி உளர்றே? நேத்து நான் இந்தக் கண்ணால பார்த்தேன். பூனை இருந்துது."

"பூனையும் இல்ல, யானையும் இல்ல. மேல வணக்கம்னு இருக்கு. அதுக்குக் கீழ கட்டம், கட்டம், கட்டம். உன் மருமகள்கிட்ட சொல்லு."

அந்த மருமகள் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தாள். மூன்று மணிக்குக் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பெயர் இருந்தது. முகம் இருந்தது. சைக்கிள் கடையும் பாட்டு வகுப்பும் பூனையும் இருந்தன.

"எனக்கு முன்னாடி எல்லாம் ஜம்முனு இருக்குன்னு சொல்லுங்க அத்தை" என்றாள் உள்ளேயிருந்து.

"ஜம்முனு இருக்காம்டி."

"எனக்கு இல்லைன்னு சொல்லு."

"அவளுக்கு இல்லையாம்மா."

"அவ போன் ஓட்டை போனுன்னு சொல்லுங்க."

"கடையில இருக்கற இன்னொருத்தர் போன்லயும் பார்த்துட்டேன், அதுலயும் கட்டம்தான்னு சொல்லு!"

மாமியார் வாயைத் திறப்பதற்குள் மருமகள் எழுந்து வந்துவிட்டாள். ஸ்பீக்கருக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள். "அத்தை, இன்னிக்கு ஒரு நாளாவது அவளை வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுங்க. மூணு மணிக்கு நான் பேசணும். அந்த நேரம் பார்த்து என் மனசைக் கலைக்கணும்னே பண்றா. பொறாமைக்கும் ஒரு அளவு இருக்கு."

அந்தப் பக்கம் பட்டென்று லைன் அறுந்தது.

மாமியாரின் முகம் வாடிவிட்டது. "அவளுக்கு வாய் நீளம்தான். ஆனா பொய் சொல்ற பொண்ணு இல்லைம்மா" என்றார்.

"பொய்னு நான் சொன்னேனா? வயித்தெரிச்சல்னு சொல்றேன்" என்று மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடி அசடே என்று அவள் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல நமக்கு இருக்கிறது. ஆனால் அவள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? கண்ணெதிரே பளிச்சென்று எல்லாம் இருக்கிறது. வீட்டில் மூன்று பேர் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. போன வாரம் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியவள் ஒருத்திதான் இல்லை என்கிறாள். யாரை நம்புவாள் மனுஷி?

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. பக்கத்தை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள். ஒவ்வொரு தடவையும் எல்லாம் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவள் இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நாத்தனார். மருந்துக் கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வெயிலில் நடந்துவந்து முகம் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து, அண்ணியைத் திரும்பியும் பார்க்காமல் அம்மாவிடம் போனை நீட்டினாள்.

"அம்மா, இதை அவங்களைப் பார்க்கச் சொல்லு."

மாமியார் போனையும் மகளையும் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கே பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் கை நீட்டினா எட்டற தூரத்துல நிக்கறீங்க. இனிமே நேராப் பேசிக்கோங்க. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் மருமகள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

வணக்கம் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம். ஓரத்தில் கிழிந்த தாள் மாதிரி ஒரு குட்டி அடையாளம். விரலால் தள்ளினாள். இன்னொரு கட்டம். இன்னொன்று. பெயர் இல்லை, முகம் இல்லை, சைக்கிள் கடை இல்லை. காலி வீட்டில் வெறும் ஜன்னல் சட்டங்களை மாட்டி வைத்த மாதிரி இருந்தது.

"போன்ல சொன்னா வயித்தெரிச்சல். இப்பக் கண்ணெதிர காட்டறேன். இப்ப என்ன சொல்லப் போறீங்க?" நாத்தனாரின் குரலில் சூடு இருந்தது. வழி நெடுக அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருப்பாள்.

மருமகள் போனோடு கம்ப்யூட்டரிடம் ஓடினாள். இதில் எல்லாம் இருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை. எப்படி? இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தவளின் கண் திரையின் மேலே, பக்கத்தின் முகவரி எழுதியிருக்கும் இடத்தில் போய் நின்றது. ஒரு மாதமாக அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற அந்த வரியை அவள் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தாள்.

அது இணையத்தின் முகவரியே இல்லை.

அவள் தினமும் திறந்து பார்த்தது, நேற்று வீட்டாருக்குக் காட்டியது, இன்று காலை முதல் மூடி மூடித் திறந்தது எல்லாமே இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பிரதி. சுலபமாகத் திறக்கலாம் என்று எப்போதோ குறித்து வைத்ததையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே ஏற்றிய பக்கத்தை ஒரு தடவைகூட அவள் திறந்து பார்க்கவில்லை. படம் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் இருக்கிற இடத்தைத்தான் எழுதி வைத்திருந்தாள். ஏற்றியது பக்கங்களை மட்டும். படங்கள் எல்லாம் இங்கேயே, இந்த மேஜை மேலேயே, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. வெளியூர்க்காரரிடம் "தண்ணி எங்க வீட்டு இரண்டாவது அலமாரியில இருக்கு, எடுத்துக் குடிங்க" என்று சொல்கிற மாதிரி.

"ஐயோ!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ சொன்னது நிஜம். ஒண்ணுமே இல்ல. நேத்துலேர்ந்து ஒண்ணுமே இல்ல. அந்தம்மா பார்த்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும் நாத்தனாரின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சண்டை போடத் தயாராக வந்தவள், எதிராளி இப்படி உட்கார்ந்துவிட்டால் என்னதான் செய்வாள்?

"பார்த்திருந்தா பார்த்துட்டுப் போகட்டும். மறுபடி பார்க்கறப்ப இருக்கணுமா, வேணாமா? அழறதை அப்புறம் வெச்சுக்கலாம் அண்ணி. இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

அண்ணி என்று கூப்பிட்டுவிட்டாள். இருவரும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"படத்தையெல்லாம் மேல ஏத்தணும். ஒவ்வொரு படத்துக்கும் இடத்தை மாத்தி எழுதணும்."

"அப்ப எழுதுங்க. நான் இந்தப் போன்ல பார்த்துச் சொல்றேன்."

மருமகள் எழுத ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வொரு எழுத்தையும் தப்பாகத் தட்டி அழித்தாள். ஒரு வரி, இரண்டு வரி மாற்றியதும் கை ஓடத் தொடங்கியது. தவறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறதே, அந்த மாதிரி. கடைசி வரியையும் மாற்றிவிட்டுப் படங்களை ஏற்றும் பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த வில்லங்கம் அங்கே காத்திருந்தது. திரையில் ஏறுவதைக் காட்டும் கோடு நகரவே இல்லை. நாத்தனார் குனிந்து பார்த்தாள். "என்ன அண்ணி, இது உயிரோட இருக்கா?"

"படம் பெருசு. அதான்."

"எவ்வளவு பெருசு?"

"சுவத்துல முழுசா ஒட்டற அளவுக்கு" என்றாள் மருமகள், கொஞ்சம் பெருமையாகவே. கேமராவில் எடுத்ததை ஒரு புள்ளி குறைக்காமல் அப்படியே போட்டிருந்தாள். ஸ்டூடியோவில் படத்தைச் சின்னதாக்குவது என்றால் கொலைக் குற்றத்துக்குச் சமானம். தரம் போய்விடும், தரம் போய்விடும் என்று முதலாளி ஓதி ஓதி அது அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

நாத்தனார் தன் போனை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "அண்ணி, அந்தம்மா இத்தனூண்டுல பார்க்கப் போறாங்க. இதுல சுவரை எங்கே கொண்டுபோய் ஒட்டுவீங்க?"

"சின்னதாக்கினா தரம் போயிடும்டி!"

"இப்பப் படமே போயிருக்கு. தரத்தைப் பத்திப் பேச்சா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் வந்தது. ஏறிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். படத்தைச் சின்னதாக்குவது அவளுக்குத் தெரியாத வித்தையா? இத்தனை நாள் செய்ய மனசு வராத வேலை, அவ்வளவுதான். மளமளவென்று ஒவ்வொன்றையும் குறைத்தாள், திரையில் போட்டுப் பழசோடு ஒப்பிட்டாள், அவள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. "அட, சண்டாளி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை கோடு சரசரவென்று ஓடியது.

"இப்பப் பாரு."

"கட்டம்தான்."

"ஐயோ, புதுசாத் திறந்து பாரு. உன் போன் பழசையே ஞாபகம் வெச்சிருக்கும்."

நாத்தனார் புதிதாகத் திறந்தாள். சுற்றியது, சுற்றியது.

"பூனை! அண்ணி, பூனை வந்துடுச்சு!"

அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு மாமியார் ஓடிவந்தார். "வந்துடுச்சா? எங்கே காட்டு? நான்தான் சொன்னேனே, பூனை இருந்துதுன்னு!"

பூனைக்குப் பின்னாலேயே சைக்கிள் கடை வந்தது, பாட்டு வகுப்பு வந்தது, அழகான எழுத்தில் அவள் பெயர் வந்தது. கடைசியாக அவள் முகம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து முழுசானது. மூன்று தலைகளும் அந்தக் குட்டித் திரையின் மேல் முட்டிக்கொண்டு நின்றன. மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்தத் தடவை பயத்தில் இல்லை.

"நல்லா இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு உடனே, "ஆனா பாட்டு வகுப்புல எழுத்து ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடுது. இழுத்து இழுத்துப் படிச்சா கை வலிக்குது" என்றாள்.

காலையில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு போர் நடந்திருக்கும். இப்போது மருமகள், "எங்கே, காட்டு" என்று குனிந்து பார்த்து, போனுக்குத் தகுந்த அளவுக்கு அந்த எழுத்தை மடக்கிவிட்டாள். "இன்னும் வேற ஏதாவது கண்ணுல படுதா?"

"படும். நாத்தனார் கண்ணு இல்லையா? ஆனா கடைக்கு நேரமாச்சு. இதுக்கு மேல நின்னா முதலாளி சாமி ஆடுவார்." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். மருமகள் வாசல்வரை போனாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

மருமகள் அறைக்குள். மாமியார் அறைக்கு வெளியே, கதவில் காதை வைக்காத குறையாக, துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டு.

"உங்க வெப்சைட்டைக் காலையில ஒரு தடவை திறந்தேன்" என்று ஆரம்பித்தார் அந்தப் பெண்மணி. "வெறும் கட்டமா இருந்துது. உண்மையைச் சொல்லிடறேன், இவங்க வேண்டாம்னு அப்பவே ஒதுக்கி வெச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிப் பக்குவமாச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். சித்த முன்னாடி என் பார்ட்னர்கிட்ட, வெப்சைட்டை எப்படிச் செய்யக் கூடாதுன்னு பாருங்கன்னு பெருமையாத் திறந்து காட்டறேன், எல்லாப் படமும் பளிச்சுனு இருக்கு! அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்க்கறார். நடுவுல என்ன நடந்துதுன்னு சொல்லுங்க."

இணையத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வெயிலில் சிவந்துபோன அந்த முகம் கண்முன் நின்றது. அதை மறைத்துவிட்டு ஒரு பொய்யைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க. என் கம்ப்யூட்டர்ல இருக்கற காப்பியையே பார்த்துக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுட்டேன். படத்தை ஏத்தவே இல்ல. காலையிலயே என் நாத்தனார் சொன்னாங்க. நான் நம்பல. திட்டிட்டேன். அவங்க சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம நடந்து வந்து போனைக் காட்டினாங்க. அப்புறம்தான் சரி பண்ணினேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. மனசுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

"நான் முதல் முதலாச் செஞ்ச வெப்சைட்லயும் இதே கூத்துதாங்க. எனக்கு நாத்தனார் இல்ல, அதனால ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது!" அப்புறம் கேள்விகள் கேட்டார். ஏன் இந்த நிறம், ஏன் பாட்டு வகுப்பை இப்படிப் பிரித்தீர்கள், படங்களை எந்த அளவுக்குக் குறைத்தீர்கள், ஏன். வெளிச்சத்தையும் நிழலையும் பற்றி ஆரம்பித்தால் மருமகள் நிறுத்துவாளா? தெரியாததைத் தெரியாது என்றாள். தெரிந்ததைச் சொல்லும்போது அவளுக்கே தன் குரல் பிடித்திருந்தது.

"திங்கக்கிழமை வந்துடுங்க. மூணு மாசம் பழகிப் பார்க்கலாம். எங்களுக்கும் பிடிச்சு உங்களுக்கும் பிடிச்சா மேல பேசிக்கலாம்" என்றார் அந்தப் பெண்மணி கடைசியில்.

போனை வைத்துவிட்டு மருமகள் எழுந்தாள். ஒரு வருஷமாகத் தோளில் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கதவைத் திறந்தாள். மாமியார் துடைக்கிற துணியோடு நின்றார்.

"கிடைச்சுடுச்சு அத்தை."

"என் ராசாத்தி!" என்று ஈரத்துணியோடு அவளைக் கட்டிக்கொண்டார் மாமியார். புடவை நனைந்தது. யாருக்கு அதைப் பற்றிக் கவலை?

புருஷனைக் கூப்பிட்டாள். லிஃப்ட் குழிக்குள் இருக்கிறவருக்கு எங்கே மணி அடிக்கும்? மெசேஜ் போட்டாள். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய், சண்டை வந்த நாளிலிருந்து தொடாத அந்த எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க அண்ணி." முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறாள்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்கடி."

"அப்பாடா!" என்றாள் நாத்தனார். அந்த ஒரு வார்த்தையில் பொறாமையும் இல்லை, வயிற்றெரிச்சலும் இல்லை. தன் வீட்டு மனுஷிக்கு ஒரு நல்லது நடந்தால் வருகிற மூச்சு அது. மருமகளுக்கு அழுகை பொங்கியது.

"என்னை மன்னிச்சுக்கோ. நீ சொன்னதை நான் நம்பல. அந்த வார்த்தையை உன்னைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாது."

"நானும்தான் நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. விடுங்க அண்ணி." பின்னால் யாரோ ஏதோ மாத்திரை கேட்கும் சத்தம் வந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்றாள். பிறகு அவள் குரல் திடீரென்று தாழ்ந்தது. "அண்ணி, சாயந்திரம் நான் அங்கே வரேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அண்ணனுக்கும் இப்பத் தெரிய வேண்டாம்."

"என்னடி? உடம்புக்கு ஏதாவதா?"

"போன்ல வேண்டாம். ரொம்ப நாளா யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம முழுங்கிக்கிட்டு இருக்கேன். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அண்ணி. நீங்ககூட நம்ப மாட்டீங்க."

கீழே கூடத்தில் மாமியார் யாருக்கோ போன் போட்டு, மருமகளுக்கு வேலை கிடைத்த கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் சுவரோரமாகத் தள்ளிப் போனாள்.

"நீ வா" என்றாள். "எதுவா இருந்தாலும் வா. இந்தத் தடவை நான் முதல்லயே நம்பிடறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "சரி அண்ணி" என்று மட்டும் கேட்டது. குரல் உடைந்திருந்தது. அது என்ன ரகசியம் என்று அடுத்த வாரம் பார்ப்போம்.